சடங்குப் பத்திரிகை பார்த்துப் போட்ட லிஸ்ட்

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கம், வாக்கப்பட்டது பெரம்பலூரில், வேலை பார்ப்பது எறையூர் தாண்டி ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில். பி.டி. டீச்சர், அதாவது விளையாட்டு டீச்சர். காலையில் டவுன் பஸ்ஸைப் பிடித்து, கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, பிரேயருக்கு மணி அடிக்கிற நேரத்தில் உள்ளே நுழைவேன். நான் ஒரு சத்தம் போட்டால் கடைசி வகுப்பறை வரைக்கும் கேட்கும். விசிலைச் சும்மா அழகுக்குத்தான் கழுத்தில் மாட்டியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் யாரும் எடுத்துச் செய்ய விரும்பாத வேலையெல்லாம் கடைசியில் பி.டி. டீச்சர் தலையில்தான் வந்து விழும். பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற நாப்கினைப் பகிர்ந்து கொடுப்பதும் அப்படித்தான் என்னிடம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன், ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "டீச்சர், அந்த ஐட்டம் வந்திருக்கு" என்பார், கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. பெட்டிகள் என் அறைப் பீரோவுக்குள் போய்விடும்.

யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இன்னும் வேண்டாம்? வகுப்பில் போய்க் கேட்டுப் பார்த்தேன். "யாரெல்லாம் வயசுக்கு வந்தவங்க, கையத் தூக்குங்க" என்றால், அத்தனை தலையும் ஒரே நேரத்தில் டெஸ்கைப் பார்த்துக் குனிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளானால் அதை எவரும் மூடி மறைப்பதில்லை. மண்டபம் பிடிப்பார்கள், முச்சந்தியில் பிளக்ஸ் பேனர் வைப்பார்கள், அதில் பெண்ணின் படத்துக்குக் கீழே மாமன்மார்கள் எல்லாம் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், ஸ்பீக்கர் பக்கத்து ஊர் வரைக்கும் அலறும். மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை ஆசிரியர் அறைக்கும் தவறாமல் வந்துவிடும். ஊருக்கே மைக் வைத்துச் சொல்வார்கள், ஆனால் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினால் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவருக்குள் போட்டு, முடிச்சுப் போட்டுத் தருவார்கள். என்ன நியாயமோ போங்கள். நான் என்ன செய்தேன் என்றால், வந்த பத்திரிகைகளை எல்லாம் ஒரு ஃபைலில் குத்தி வைத்தேன். பத்திரிகை வந்தால் அந்தப் பெண்ணின் பெயர் லிஸ்ட்டில் ஏறும். வரவில்லையா, அவள் இன்னும் சின்னப் பிள்ளை.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஏகப் பெருமை. ஒரு பாக்கெட் வீணாகாது, யாரையும் கூச்சப்பட வைக்க வேண்டாம். ஸ்டாஃப் மீட்டிங்கில் ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார். நான் அன்றைக்குத் தரையிலா நடந்தேன்!

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு. ஒல்லி, கறுப்பு, கால் இரண்டும் கம்பி. கோ-கோ விளையாட்டில் அவளை மாதிரி ஒருத்தியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. எதிர் டீம் பெண் கம்பத்தைச் சுற்றித் திரும்புவதற்குள் இவள் அங்கே நிற்பாள். ஆனால் மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கு வர மாட்டாள். காய்ச்சல் என்று ஒரு லீவு லெட்டர், வயிற்றுவலி என்று ஒரு லெட்டர். "உடம்பு கிடம்பு நோஞ்சானா இருக்கியே, ராகிக் களி தின்னுடி" என்று அவளைத் திட்டியிருக்கிறேன். பத்திரிகை வராத பெண் என்பதால் எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

பெரம்பலூரில் நடந்த போட்டிக்கு டீமை அழைத்துப் போனேன். இறுதி ஆட்டம். எங்கள் பெண்கள் கட்டங்களில் உட்கார்ந்து விரட்டுகிற முறை. அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்த எங்கள் டீம் பெண் ஒருத்தி அவள் முதுகைத் தொட்டு "கோ" என்றாள். இவள் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் தொட்டு, மறுபடியும் "கோ". அசையவில்லை. எனக்கு வந்ததே கோபம். கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன்.

"எந்திரிடி! என்னடி, கால்ல வேர் விட்டுடுச்சா?"

மைதானமே சிரித்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். ஆட்டம் போச்சு, கப்பும் போச்சு. எல்லோரும் கலைந்து போன பிறகும் அவள் அதே கட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு இவளை ஒரு கை பார்த்துவிடுவது என்று நெருங்கிப் போனேன். பக்கத்தில் போனபோதுதான் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டில் சிவப்பைப் பார்த்தேன்.

"மிஸ், யாரையும் கூப்புடாதீங்க மிஸ்" என்றாள்.

என் ஜெர்கினைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி, அணைத்துப் பிடித்து மைதானத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடி, "எப்பருந்துடி?" என்று கேட்டேன்.

"ஒரு வருசம் ஆச்சு மிஸ். யாருக்கும் தெரியாது. மாமா சிங்கப்பூர்ல இருக்கு. அது லீவுல வந்து குடிசை கட்டுனாத்தான் வெளிய சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்கு. மாமாவுக்குக் கம்பெனில லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க."

தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி அதில் பெண்ணை உட்கார வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் இல்லாமல் சடங்கு இல்லை. சடங்கு இல்லாமல் பத்திரிகை இல்லை. பத்திரிகை இல்லாததால் என் லிஸ்ட்டில் அவள் இல்லை. மாமனுக்கு லீவு கிடைக்காத ஒரே காரணத்தால் அவள் ஒரு வருஷமாகச் சின்னப் பிள்ளையாகவே இருந்திருக்கிறாள். பழைய துணியை வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், முடியாத நாளில் வீட்டோடு இருந்துவிட்டாள். நான் பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டபோதெல்லாம் அவளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். எனக்கு என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது. அன்று பஸ்ஸில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வாரம் முழுக்க வரவில்லை. சனிக்கிழமை நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்துப் போட்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, சாக்கு ஒன்றை விரித்துப் போட்டாள். மகள் உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"கிரவுண்டுல யாரு யாரு பாத்தாங்களோ தெரியல டீச்சர். எந்தம்பி வர்ற வரைக்கும் இவ வூட்லயே இருக்கட்டும்."

"எப்ப வரான் உங்க தம்பி?"

"தை மாசம்னான். இப்ப ஆடிங்கிறான்."

"அதுவரைக்கும் பள்ளிக்கூடம் வேணாமா? பாதிப் படிப்ப வுட்டுட்டு எத்தினி புள்ளைங்க திரும்ப வந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? இவ அப்பா செத்ததுலருந்து எங்களுக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். வெயில்ல நின்னு சம்பாரிச்சு இவளுக்கு நோட்டு வாங்கிக் குடுக்கறதே அவன்தான். போன்ல சொன்னா லீவு இல்லாம அங்க தவிச்சுப் போவான்னு அவனுக்கே இன்னும் சொல்லல. அவன் வராம, ஊர் முந்திக்கிட்டுத் தெரிஞ்சுக்கிச்சுன்னா அவன் மனசு என்ன பாடுபடும்?"

"சரி, ஊருக்குத் தெரிய வேணாம். நாப்கின் நான் குடுக்கறேன். அது இருந்தா அவ தைரியமா வருவா."

"எப்படிக் குடுப்பீங்க? பேரச் சொல்லிக் கூப்புட்டுல்ல குடுக்கறீங்க? தனியாக் கூப்புட்டுக் குடுத்தா மட்டும் பக்கத்துல ஒக்காந்திருக்கவ கேக்க மாட்டாளா, மிஸ் எதுக்குடி கூப்புட்டாங்கன்னு?"

அவள் கேட்டதில் ஒரு பிசகும் இல்லை. நான் யோசித்தேன். "எல்லாருக்கும் குடுத்துட்டா?"

"எல்லாருக்குமா? பொடிசுங்களுக்குமா?"

"ஆறாம் வகுப்புலருந்து அத்தனை பேருக்கும். லிஸ்ட்டே கெடையாது."

கீழே வைத்த கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். "அப்ப அனுப்பறேன். ஆனா எம்பொண்ணு பேரு உங்க வாயில வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன். என் இரண்டு பிள்ளைகள் மேலும் பண்ணினேன்.

நர்ஸம்மாவிடம் போய், இனிமேல் கூடுதலாக வேண்டும் என்று கேட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் சிரித்துவிட்டார். "நான் மொதல்லருந்தே எல்லாப் புள்ளைங்களுக்கும்தானே எழுதிக் குடுக்கச் சொன்னேன்? நீங்கதான் டீச்சர் கம்மியா எழுதி அனுப்புனீங்க." என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் மட்டும் இழுத்தார். "உங்க லிஸ்ட்டு நல்லாத்தானே டீச்சர் இருந்துச்சு?"

"அது தப்பு லிஸ்ட்டு சார். போட்டவளே சொல்றேன்."

அடுத்த பெட்டிகள் வந்ததும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்த வரிசையிலேயே கொடுத்துக்கொண்டு போனேன். பொடிசுகளுக்குத் தனியாக ஒரு பீரியட் எடுத்து, ஒரு நாப்கினைப் பிரித்து மேஜைமேல் வைத்து, எப்படி வைப்பது, எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது, எங்கே போடுவது என்று எல்லாம் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் அவளும் தன் பாக்கெட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி. அந்த மாதமும் அடுத்த மாதமும் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. காலையில் அட்டெண்டன்ஸை நானே போய்ப் பார்ப்பேன். மனசு நிறைந்துவிடும்.

பிரச்சினை வேறு திசையிலிருந்து வந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாக்கெட்டை வீட்டு டி.வி. மேலே வைத்துவிட்டுக் கல்லாங்காய் ஆடப் போய்விட்டாள். மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். அந்தப் பொடிசு பெரியவளாகிவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. அந்தப் பொடிசின் தாய்மாமன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். மறுநாள் காலை பைக்கில் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனால், மின்விசிறிக்கு அடியிலேயே அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

"தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி உசுரோட இருக்கேன்" என்றார் வந்தவர். "எனக்கு ஒரு வார்த்த சொல்லல. ஸ்கூல்ல சொல்லி நாப்கின் வாங்கிட்டுப் போயிருக்காங்க. என்னைய மதிச்சாத்தானங்க சொல்லுவாங்க?"

"உங்க அக்கா மவ இன்னும் பெரியவளாவலைங்க. எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுத்தோம், அவளுக்கும் குடுத்தோம்."

"ஆவலையா?" அவர் முகத்தில் நிம்மதி வந்து, உடனே மறுபடியும் கோபம் வந்தது. "அப்ப ஆவாத புள்ளைக்கு எதுக்குங்க குடுக்கறீங்க? நேத்து ராத்திரியெல்லாம் எங்கக்காவோட சண்ட. பத்து வருசத்துக்கு மின்னாடி நடந்ததையெல்லாம் இழுத்துப் பேசிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவ வூட்டுக்குப் போறது?"

பாவம், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிரிப்பு வேறு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குள் ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. பழையபடி லிஸ்ட்டு போட்டே குடுத்துடறோம். என்ன டீச்சர்?"

"முடியாது சார்."

"ஏன் முடியாது? பத்திரிகை வந்த புள்ளைங்களுக்குக் குடுத்தா யாருக்கும் வம்பு இல்ல. அந்த லிஸ்ட்டுல விட்டுப்போன புள்ள யாராச்சும் ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நான் இதோட பேச்ச விட்டுடறேன்."

ஒரு பெயர். அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யார் என்ன கேட்டாலும் பதிலுக்குப் பதில் கொடுத்தே பழகியவள் நான். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "பாத்தீங்களா, யாரும் இல்ல" என்று ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்தார். பழையபடி லிஸ்ட் வந்தால், அவள் மறுபடி துணிக்குப் போவாள், இரண்டு மாதத்தில் வீட்டோடு நின்றுவிடுவாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபத்தில் வந்த தண்ணீர்தான்.

"நான் இருக்கேன் சார்."

வாசலில் அவள் நின்றாள். அடுத்த பீரியட் அவர்களுக்கு விளையாட்டு. என்னைத் தேடி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"என் பேரு அந்த லிஸ்ட்டுல இல்ல சார். எனக்குப் பத்திரிகை அடிக்கல. ஆனா எனக்கு வேணும். ஒரு வருசத்துக்கு மேலயே வேணும்." ஹெட்மாஸ்டர் முகத்தைப் பார்த்தே பேசினாள். முழுசாகச் சொல்லி முடித்தாள். "லிஸ்ட்டு போட்டா எனக்குக் கெடைக்காது சார்."

"ஏய், சும்மாரு" என்று நான்தான் பதறினேன். அவள் என்னைப் பார்த்து, "பரவால்ல மிஸ்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்!

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். லாரிக்காரர் எழுந்து நின்றார், என்னவோ பெரிய மனிதர் அறைக்குள் வந்தது போல. "யாரு பொண்ணும்மா நீ?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதற்குள் தானே கையை அசைத்து, "வேணாம் வேணாம், சொல்லாத. நான் எதுவும் கேக்கல" என்றார். என்னிடம் திரும்பி, "எல்லாருக்கும் குடுங்க டீச்சர். எங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நாப்கின் எல்லாருக்குமே குடுத்துடுங்க டீச்சர்" என்றார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்று பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவுக்கு நான் செய்த சத்தியம் என்ன ஆவது? மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் அவள் அம்மா பள்ளிக் கேட்டுக்குள் வருவதைப் பார்த்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நானே எதிரே போனேன்.

"இவளே வந்து சொல்லிட்டா டீச்சர், இப்படிப் பேசிட்டேம்மான்னு" என்றாள். "ரெண்டு அடி வெச்சேன். அப்புறம் யோசிச்சேன், இனி மூணாம் மனுசங்க வாயால தெரியறதுக்கு முந்தி நாமளே சொல்லிடுவோம்னு எந்தம்பிக்குப் போன் போட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அழுவுறான் டீச்சர். நான் வர முடியாததுக்கு அந்தப் புள்ள என்னக்கா பண்ணும், அன்னிக்கே ஒரு போன் போட்டிருந்தா நீங்களே சடங்கு செஞ்சுக்குங்கன்னு சொல்லியிருப்பேனேங்கிறான். அவன் இல்லாம செஞ்சா கோவிச்சுக்குவான்னு நானா நெனச்சுக்கிட்டேன். அவன ஒரு வார்த்த கேக்கல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் வகுப்புக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மகளும் அந்த வரிசையில் போனாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டான் டீச்சர். 'இத்தன நாளும் அந்தப் புள்ள என்னத்தக்கா வெச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போச்சு?'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

அவனுக்கு நானும்தான் பதில் சொல்ல வேண்டியவள்.